ஜெராக்ஸ் தாளுடன் தேர்வறைக்குள் போகலாமா?

கிரேடு தேர்வுக்குத் தயாராகும் பிள்ளைகள், விலையைப் பார்த்துத் தயங்கும் பெற்றோர், உழைப்புக்குக் கூலி எதிர்பார்க்கும் இசையமைப்பாளர்கள்: மூன்று தரப்புக்கும் நியாயமான வழி எது?

மயிலாப்பூர், தி.நகர், அடையாறு என்றதும் சபாக்களும் கச்சேரிகளும்தான் நினைவுக்கு வரும். ஆனால் இதே தெருக்களில் பியானோ, கீபோர்டு, வயலின், கிடார் வகுப்புகளும் ஏராளமாக நடக்கின்றன. பள்ளி முடிந்து வந்து, சீருடையை மாற்றிக்கொண்டு, கையில் ஒரு ஃபைலுடன் மாடிப்படி ஏறும் பிள்ளைகளில் பலருக்கு ஆண்டுக்கு ஒரு முறையாவது ஓர் இலக்கு இருக்கிறது. அதுதான் கிரேடு தேர்வு. லண்டனைத் தலைமையிடமாகக் கொண்ட டிரினிட்டி காலேஜ் லண்டனும் ஏபிஆர்எஸ்எம் அமைப்பும் நடத்தும் இந்தத் தேர்வுகளுக்கு நம் ஊரில் பெரிய மதிப்பு உண்டு.

தேர்வுக்குப் பணம் கட்டியதும் ஆசிரியரிடம் பெற்றோர் கேட்பது இதுதான்: “முழுப் புத்தகம் எதுக்கு மிஸ்? மூணு பீஸ்தானே வாசிக்கப் போறா. ஜெராக்ஸ் எடுத்துக்கலாமே?”

கேள்வியில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. பள்ளிக் குறிப்பிலிருந்து கல்லூரிப் பாடநூல் வரை ஜெராக்ஸில் படித்தே வளர்ந்த தலைமுறை இது. வகுப்புக் கட்டணம், தேர்வுக் கட்டணம், கருவியின் விலை எல்லாவற்றுக்கும் பிறகு புத்தகமும் வாங்க வேண்டும் என்றால் கை தயங்கத்தான் செய்யும். ஆனால் இந்தச் சின்னச் சிக்கனம் குழந்தையின் மதிப்பெண்ணில் கைவைத்துவிடும் என்பது பல வீடுகளில் தெரியாது.

22 மதிப்பெண் போனால்?

டிரினிட்டியின் பியானோ தேர்வை எடுத்துக்கொள்வோம். மொத்தம் 100 மதிப்பெண். மூன்று பீஸ்களுக்குத் தலா 22 வீதம் 66. ஸ்கேல்கள், பயிற்சிகளுக்கு 14. செவிப்பயிற்சி, பார்த்தவுடன் வாசித்தல் போன்ற துணைத் தேர்வுகளுக்கு 20. தேர்ச்சிக்கு 60 வேண்டும்.

வாசிக்கும் பீஸ்களுக்கு அச்சிட்ட மூல நூலோ, முறைப்படி விலை கொடுத்துப் பெற்ற பதிவிறக்கமோ கையில் இருக்க வேண்டும் என்பது விதி. அனுமதியில்லாத நகலைக் கொண்டுபோனால் அந்தப் பீஸுக்கு மதிப்பெண்ணே கிடைக்காமல் போகலாம். ஒரு பீஸ் போனால் மீதி 78ல் 60 எடுத்தாக வேண்டும். இரண்டு போனால் 56தான் மிச்சம். எவ்வளவு நன்றாக வாசித்தாலும் தேற முடியாது.

ஏபிஆர்எஸ்எம் தேர்வு 150 மதிப்பெண்ணுக்கு நடப்பது. தேர்ச்சிக்கு 100. அங்கும் காப்புரிமை உள்ள பதிப்பின் அனுமதியற்ற நகலுக்கு இடமில்லை. சட்டவிரோத நகல் என்று தெரியவந்தால் தேர்வு முடிவையே நிறுத்திவைக்கலாம்.

விதிக்குள் சில நியாயமான விலக்குகளும் உண்டு. நடு வாசிப்பில் பக்கம் திருப்ப முடியாத இடத்தில், அந்த ஒரு பக்கத்தை மட்டும் நகலெடுத்து அருகில் வைத்துக்கொள்ளலாம்; மூல நூலும் உடன் இருக்க வேண்டும். தேர்வாளர் பார்ப்பதற்கென்று ஒரு பிரதி கொடுக்கலாம். தேர்வு முடிந்ததும் அதை அழித்துவிடுவார்கள். பதிவிறக்கம் செய்த தாளானால் வாங்கிய ரசீதைக் காட்டினால் போதும். 2020ல் வீடியோவில் பதிவுசெய்து அனுப்பும் தேர்வுமுறையும் வந்துவிட்டது. கேமரா முன்னால் வாசித்தாலும், டேப்லெட்டில் பார்த்து வாசித்தாலும் விதி மாறுவதில்லை.

லண்டனில் எழுதிய வரி

இந்தக் கண்டிப்புக்குப் பின்னால் பிரிட்டனின் 1988ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டம் இருக்கிறது. கேள்வித்தாள் தயாரிக்கவும் விடை எழுதவும் மற்றவர் படைப்பை நகலெடுக்கலாம் என்று அந்தச் சட்டத்தின் 32ஆம் பிரிவு பொதுவாக அனுமதித்தது. அடுத்த வாக்கியத்திலேயே ஒன்றை மட்டும் பிரித்தெடுத்து விலக்கியது: தேர்வு கொடுப்பவர் வாசிப்பதற்காக இசைத்தாளை ஜெராக்ஸ் எடுப்பதற்கு இந்தச் சலுகை செல்லாது. கவிதை, நாடகம், வரைபடம் எதற்கும் இல்லாத தனித்தடை இசைத்தாளுக்கு மட்டும் இருந்தது. 2014ல் அந்தப் பிரிவு திருத்தி எழுதப்பட்டது. ஆனால் தேர்வு அமைப்புகளின் விதி தளரவில்லை.

ஏன் இசைத்தாளுக்கு மட்டும் இந்தக் கெடுபிடி? நாவல் ஒன்றைப் பொழுதுபோக்காகப் படிப்பவர்கள் லட்சக்கணக்கில் இருப்பார்கள். மூன்றாம் கிரேடு வயலின் பீஸை யார் வாங்குவார்கள்? அந்தத் தேர்வைக் கொடுக்கும் மாணவர்தான் வாங்க வேண்டும். அந்தச் சந்தையும் ஜெராக்ஸ் கடைக்குப் போய்விட்டால் இசையை எழுதியவருக்கும், விரல் எண்கள் குறித்துச் சரிபார்த்துப் பதிப்பித்தவருக்கும் வேறு வருமானமே கிடையாது. குழந்தைகளுக்கென்று எழுதும் இசையமைப்பாளர்களை உலகம் பெரிதாகக் கொண்டாடுவதில்லை. விற்கும் பிரதியின் விலையில் கிடைக்கும் சிறு பங்குதான் அவர்களுக்குக் கூலி. அதைக் காப்பாற்றும் விதி நியாயமானது என்றே நான் நினைக்கிறேன்.

நம் சட்டம் என்ன சொல்கிறது?

இந்தியக் காப்புரிமைச் சட்டம் 1957ல் இயற்றப்பட்டது. இசைப் படைப்பு என்றால் அதன் வரிவடிவமும் அதில் அடங்கும் என்று 1994ஆம் ஆண்டுத் திருத்தம் தெளிவாகவே சொல்கிறது. ஆக, இசைத்தாளும் காப்புரிமைக்கு உட்பட்டதுதான்.

ஆனால் அதே சட்டத்தின் 52ஆம் பிரிவு கல்விக்குத் தாராளமாக வழிவிடுகிறது. சொந்த உபயோகத்துக்கான நியாயமான பயன்பாடு குற்றமாகாது. கற்பித்தலின் போக்கில் ஆசிரியரோ மாணவரோ ஒரு படைப்பை நகலெடுப்பதும், தேர்வுக் கேள்வியிலும் விடையிலும் அதைச் சேர்ப்பதும் அத்துமீறல் ஆகாது.

இந்த வரிகளின் வீச்சு எவ்வளவு என்பதைக் காட்டியது டெல்லிப் பல்கலைக்கழக ஜெராக்ஸ் வழக்கு. பேராசிரியர்கள் பரிந்துரைத்த நூல்களிலிருந்து பகுதிகளை நகலெடுத்துத் தொகுத்து விற்ற ராமேஸ்வரி போட்டோகாப்பி சர்வீசஸ் மீது ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகப் பதிப்பகங்களும் டெய்லர் அண்ட் ஃபிரான்சிஸும் 2012ல் வழக்குத் தொடர்ந்தன. 2016 செப்டம்பரில் டெல்லி உயர் நீதிமன்றம் வழக்கைத் தள்ளுபடி செய்தது. அதே ஆண்டு டிசம்பரில், கற்பித்தலுக்குத் தேவையான அளவுக்கு நகலெடுப்பதைச் சட்டம் அனுமதிக்கிறது என்ற நிலையை இரு நீதிபதிகள் அமர்வும் ஏற்றது. இந்த வழக்கில் நகலெடுத்தவை பாடத்துக்கு உண்மையில் தேவைப்பட்டவையா என்பதை மட்டும் மறுபடி விசாரிக்கச் சொன்னது. 2017ல் பதிப்பகங்கள் வழக்கையே விலக்கிக்கொண்டன. நூலை வாங்க வசதியில்லாத மாணவர் நூலகத்தில் உட்கார்ந்து பக்கம் பக்கமாகக் கையால் எழுதிக்கொண்ட காலம் உண்டு. அந்த வேலையை இன்று இயந்திரம் செய்கிறது என்ற பார்வை செப்டம்பர் தீர்ப்பில் இருந்தது.

அப்படியானால் நம் பிள்ளைகள் ஜெராக்ஸ் எடுக்கலாமா? இரண்டு இடங்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும். வகுப்பில் ஆசிரியர் ஒரு பக்கத்தை நகலெடுத்துச் சொல்லிக்கொடுப்பது கற்பித்தலின் போக்கில் வரும் என்று வாதாட இடமுண்டு. டெல்லித் தீர்ப்பு பல்கலைக்கழகத்தைப் பற்றியது என்பதால், வீட்டில் வகுப்பெடுப்பவருக்கு அது அப்படியே பொருந்துமா என்று வழக்கறிஞர்கள் விவாதிக்கலாம். தேர்வறை வேறு இடம். விண்ணப்பத்தில் கையெழுத்திடும்போதே தேர்வு அமைப்பின் விதிகளை நாம் ஏற்றுக்கொண்டுவிடுகிறோம். இந்தியச் சட்டத்தில் உள்ள சலுகையைக் காட்டி அங்கே மதிப்பெண் கேட்க முடியாது.

ஜெராக்ஸ் கடைக்காரரின் நிலையும் வேறு. முழு நூலையும் நகலெடுத்து, ஸ்பைரல் போட்டு, வருகிறவர்களுக்கெல்லாம் விற்பது வியாபாரம். தெரிந்தே காப்புரிமையை மீறினால் 63ஆம் பிரிவின்படி ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறைத் தண்டனையும் 50,000 ரூபாய் முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்க இடமுண்டு.

எது பொதுச்சொத்து?

எல்லா இசைத்தாளும் பூட்டிவைத்த சொத்தல்ல. படைத்தவர் இறந்த ஆண்டுக்குப் பின் 60 ஆண்டு முடிந்தால் இந்தியாவில் காப்புரிமை முடிந்துவிடும். முதலில் இது 50 ஆண்டாக இருந்தது. 1941ல் மறைந்த தாகூரின் படைப்புகளுக்குக் காலக்கெடு நெருங்கியபோதுதான் அது 60 ஆனது. பிரிட்டனில் 70 ஆண்டு. 1945ல் மறைந்த பார்ட்டோக்கின் இசை இங்கே 2006 முதலே பொதுச்சொத்து. பிரிட்டனில் 2016 முதல். 1953ல் மறைந்த புரோகோஃபியேவ் இங்கே 2014ல் பொதுவானார், அங்கே 2024ல். குழந்தைகளுக்கு ஏராளமான பியானோ பீஸ்கள் எழுதிய கபலெவ்ஸ்கி மறைந்தது 1987ல். அவருடைய இசைக்கு இந்தியாவிலும் 2047 இறுதி வரை உரிமை இருக்கிறது.

கர்நாடக இசைக்கும் இதே கணக்குதான். தியாகராஜர் மறைந்தது 1847ல். அவர் கீர்த்தனைகள் எல்லோருக்கும் சொந்தம். மயிலாப்பூர் மாட வீதிகளில் மார்கழி பஜனை நடத்திய பாபநாசம் சிவன் மறைந்தது 1973ல். அவருடைய பாடல்களுக்கு 2033 இறுதி வரை காப்புரிமை உண்டு.

பாக், ஷோபான் போன்றவர்களின் இசைத்தாள்களை ஐஎம்எஸ்எல்பி என்ற இணைய நூலகத்திலிருந்து இலவசமாகவே இறக்கிக்கொள்ளலாம். எட்வர்ட் குவோ என்ற மாணவர் 2006ல் தொடங்கியது அது. மறுஆண்டே ஆஸ்திரியாவின் யூனிவர்சல் எடிஷன் பதிப்பகம் அனுப்பிய வக்கீல் நோட்டீஸால் மூடப்பட்டு, 2008ல் மீண்டும் திறக்கப்பட்டது. இன்று உலகம் முழுக்க மாணவர்கள் நம்பியிருக்கும் களஞ்சியம்.

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. பீத்தோவன் மறைந்து இருநூறு ஆண்டு ஆகப்போகிறது என்பதால் அவர் பெயர் போட்ட எல்லாத் தாளும் இலவசம் என்று நினைத்துவிடக் கூடாது. அவருடைய மெட்டை முதல் கிரேடு கீபோர்டு மாணவருக்காக எளிமையாக்கி எழுதியவர் இன்று உயிரோடு இருக்கலாம். அந்த மாற்றிசைக்கு அவருக்குத் தனி உரிமை உண்டு. பிரிட்டனில் அச்சுப் பக்கத்தின் அமைப்புக்குக்கூட 25 ஆண்டு உரிமை இருக்கிறது. ஆகவே தாளின் மேல் இசையமைப்பாளர் பெயருக்குப் பக்கத்தில் வேறொருவர் பெயர் இருக்கிறதா என்றும், கீழே பதிப்பாண்டு என்ன என்றும் பார்த்த பிறகே முடிவு செய்ய வேண்டும்.

தாளில் இசையை ஏற்றியவர்கள்

இந்த ஊருக்கு இசைத்தாள் புதிதல்ல. அண்ணா சாலையில் இருக்கும் மூசே மியூசிக்கல் கடையின் வேர், 1842ல் தொடங்கிய மிஸ்குவித் நிறுவனத்தில் இருக்கிறது. டிரினிட்டி தேர்வுகளோடு அந்தக் கடைக்கு நெடுங்காலத் தொடர்பு உண்டு. மயிலாப்பூரில் ஒரு லாட்ஜ் அறையில் மேற்கத்திய இசை சொல்லிக்கொடுத்த தன்ராஜ் மாஸ்டரிடம்தான் இளையராஜா பாடம் படித்தார். டிரினிட்டியின் கிளாசிக்கல் கிடார் தேர்விலும் தேறினார். திரையிசைப் பதிவுகளில் வயலின் வரிசை முழுவதும் ஸ்டாண்டில் இருக்கும் தாளைப் பார்த்து வாசித்த மரபு, அப்படிப் பயின்றவர்களால் செழித்தது.

அதற்கும் முன்னால் ஒருவர் இருந்தார். ஏ.எம். சின்னசாமி முதலியார், சென்னைத் தலைமைச் செயலகத்தில் வேலை பார்த்தவர். நம் கீர்த்தனைகள் வாய்வழியாகத் திரிந்து, தேய்ந்து போய்விடுமே என்று கவலைப்பட்டார். மேற்கத்திய ஐந்துகோட்டு முறையில் அவற்றைப் பதிந்து, ‘ஓரியண்டல் மியூசிக் இன் யூரோப்பியன் நொட்டேஷன்’ என்ற பெயரில் 1892ல் வெளியிடத் தொடங்கினார். வாங்க ஆளில்லை. சொந்தப் பணம் கரைந்தது, கண்பார்வை மங்கியது. தான் தொடங்கியதை முடிக்கத் தகுந்தவர் என்று எட்டயபுரத்தில் இருந்த இசை வித்வான் சுப்பராம தீட்சிதரை நாடி, அவரிடம் இருந்த பாடாந்தரத்தை நூலாக்கும்படி மன்றாடினார். அதன் பயனாக 1904ல் எட்டயபுரம் வித்யா விலாசினி அச்சகத்தில் தெலுங்கு எழுத்தில் ‘சங்கீத சம்பிரதாய பிரதர்சினி’ வெளிவந்தது. பின்னாளில் மியூசிக் அகாடமி அதைத் தமிழ் எழுத்தில் ஐந்து பாகங்களாகக் கொண்டுவந்தது. முத்துசுவாமி தீட்சிதரின் கீர்த்தனைகளைப் பற்றி இன்று யார் எந்தச் சந்தேகம் கேட்டாலும் புரட்டிப் பார்ப்பது அந்த நூலைத்தான்.

இசையைத் தாளில் ஏற்றுவதற்கு எவ்வளவு செலவாகும், எவ்வளவு உழைப்பு வேண்டும் என்பதற்கு முதலியாரின் வாழ்க்கையே சாட்சி. அன்று சில நூறு பேர் பிரதி வாங்கி ஆதரித்திருந்தால் அவர் நொடித்துப் போயிருக்க மாட்டார். நூலை விலை கொடுத்து வாங்குவது எழுதியவரை நிற்கவைக்கும் செயல் என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்ல இதைவிட நல்ல கதை நம்மிடம் இல்லை.

விலை எட்ட வேண்டாமா?

அதற்காக எல்லாப் பொறுப்பையும் பெற்றோர் தலையில் கட்டிவிட்டு ஒதுங்குவது நியாயமாகாது. ஜெராக்ஸ் ஒரு பக்கத்துக்கு ஒன்றிரண்டு ரூபாய். புத்தகமோ பல நூறு ரூபாய். ஏபிஆர்எஸ்எம்மின் பியானோ தேர்வு நூலில் ஒன்பது பீஸ்கள் இருக்கும். மாணவர் வாசிப்பது மூன்று. பாடத்திட்டம் வேறு பல பீஸ்களையும் அனுமதிக்கிறது. ஆனால் அவை வேறு வேறு தொகுப்புகளில் சிதறிக் கிடக்கும். ஒரு பீஸுக்காக ஒரு முழுத் தொகுப்பை வெளிநாட்டிலிருந்து தருவிக்க வேண்டும். கடைசியில் நம் பிள்ளைகள் தங்களுக்குப் பிடித்ததை விட்டுவிட்டுக் கைக்குக் கிடைத்ததை வாசிக்கிறார்கள். பாடத்திட்டம் கொடுக்கும் தேர்வுரிமையை விலை பறித்துக்கொள்கிறது.

செய்ய வேண்டியவை எளியவை. முதலாவது, இங்கே பெருந்தொகை தேர்வுக் கட்டணமாக வாங்கும் அமைப்புகள் இந்திய வருமானத்துக்கு ஏற்ற விலையில் நூல்களைத் தர வேண்டும். ஒவ்வொரு பீஸையும் தனித்தனியாக, ரசீதுடன், ரூபாயில் விற்க வேண்டும். பிரிட்டனில் பள்ளிகள் இசைத்தாளை நகலெடுக்கவே தனி உரிமம் இருக்கிறது; ஆண்டுக் கட்டணம் உரிமையாளர்களுக்குப் போகிறது, பிள்ளைகளுக்குத் தாள் கிடைக்கிறது. தேர்வறைக்கு நகலை அனுமதிக்காவிட்டாலும், வகுப்பறைக்காவது அப்படியொரு உரிமத்தை நம் இசைப்பள்ளிகளுக்கும் வீட்டு ஆசிரியர்களுக்கும் ஏற்படுத்தித் தரலாம்.

இரண்டாவது, ஆசிரியர்கள் கைகோக்க வேண்டும். தேர்வு முடிந்ததும் பரணுக்குப் போகும் நூல்கள் ஒவ்வொரு வீட்டிலும் இருக்கின்றன. மூல நூல் யார் பெயரில் வாங்கியது என்று எந்தத் தேர்வாளரும் கேட்பதில்லை. அண்ணன் வாசித்த புத்தகத்தைத் தங்கை கொண்டுபோகலாம். பழைய மாணவரின் நூலைப் புதிய மாணவர் இரவல் வாங்கலாம். பாடத்திட்டம் மாறியிருக்கிறதா என்று மட்டும் பார்த்தால் போதும். மயிலாப்பூரில் நான்கு ஆசிரியர்கள் சேர்ந்து ஓர் அலமாரி வைத்தாலே அது இரவல் நூலகம். அடையாறிலும் தி.நகரிலும் இப்படி ஒவ்வொன்று எழுந்தால் ஜெராக்ஸின் தேவை பாதியாகக் குறையும்.

மூன்றாவது, அரசுக்கு ஒரு முன்னுதாரணம் இருக்கிறது. பாரதியின் படைப்புரிமையைச் சென்னை மாகாண அரசு 1949ல் கையகப்படுத்தியது. குடும்பத்துக்கு உரிய தொகையைக் கொடுத்து, பின்னர் அந்த எழுத்தை மக்கள் எல்லோருக்கும் பொதுவாக்கியது. உரியவருக்குக் கொடுக்க வேண்டியதைக் கொடுத்துவிட்டு ஊருக்குத் திறந்துவிடுவது நமக்குத் தெரிந்த வழி. பொது நூலகங்களில் தேர்வு நூல்களை வாங்கிவைத்து இரவல் தருவதற்கு அதைவிடக் குறைந்த முயற்சியே போதும்.

தேர்வுக்கு முன் ஒரு சரிபார்ப்பு

மூன்று பீஸ்களுக்கும் மூல நூல் அல்லது ரசீதுடன் கூடிய பதிவிறக்கம் இருக்கிறதா என்று ஒரு மாதம் முன்பே பாருங்கள். தருவிக்க வேண்டிய நூலானால் அந்த அவகாசம் தேவை.

இலவசமாக இறக்கிய தாளானால் இசையமைப்பாளர், பதிப்பாசிரியர், மாற்றிசை எழுதியவர் மூவரையும் சரிபாருங்கள். தேர்வு அமைப்பு அந்தப் பதிப்பை ஏற்கிறதா என்று ஆசிரியரிடம் கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள்.

பக்கம் திருப்ப முடியாத இடம் இருந்தால் அந்தப் பக்கத்தை மட்டும் நகலெடுத்து அட்டையில் ஒட்டிவையுங்கள். உதிரித் தாள் மின்விசிறிக் காற்றில் பறந்து, நடு வாசிப்பில் குழந்தை தடுமாறும்.

பயிற்சிக்கும் மூல நூலையே பயன்படுத்துங்கள். மேற்கத்திய இசைநூல்கள் பலவும் 9 அங்குல அகலமும் 12 அங்குல உயரமும் கொண்டவை. ஏ4 தாள் அதைவிடச் சிறியது. நகலில் ஓரம் வெட்டுப்படும். ஸ்டக்காட்டோ புள்ளியும் விரல் எண்ணும் மங்கும். அவை இல்லாமல் பழகிய விரலைத் தேர்வுக்கு முந்தின வாரம் திருத்துவது பெரும்பாடு.

கடைசியாக, ஏன் நூலை வாங்குகிறோம் என்பதைப் பிள்ளையிடம் சொல்லுங்கள். இந்தப் பீஸை ஒருவர் உட்கார்ந்து எழுதினார், அவருக்கும் வீடு வாசல் இருக்கிறது என்று சொன்னால் எட்டு வயதுக் குழந்தைக்கும் புரியும்.

நகலுக்குத் தடை போட்ட அமைப்புகளுக்கு மூல நூலை எட்டும் விலையில் தரும் கடமையும் உண்டு. தடையை ஏற்கும் பெற்றோருக்கு அதைக் கேட்கும் உரிமையும் உண்டு. தேர்வு மையத்தில், ஆசிரியர் கூட்டத்தில், பதிவுப் படிவத்தோடு இணைக்கும் ஒரு கடிதத்தில் இந்தக் கேள்வியை எழுப்புங்கள். பத்துப் பேர் எழுதினால் கோப்பில் கிடக்கும். சென்னையில் இருக்கும் இசைப்பள்ளிகள் எல்லாம் சேர்ந்து எழுதினால் லண்டன் பதில் சொல்லியாக வேண்டும். விலையைப் பற்றிய இந்த வழக்கைத் தீர்த்துக்கொள்ள வேண்டியவர்கள் பெரியவர்கள். அதற்கான விலையை, மாதக்கணக்கில் பயிற்சி செய்துவிட்டு வரும் ஒரு குழந்தை தன் 22 மதிப்பெண்ணால் கட்டக் கூடாது.